லீலாவதி அண்ணி வீட்டுப் பூனை மெத்தை

என் அண்ணன் இளையபெருமாள் செத்து ஆறு வருசம் ஆகிறது. நல்லது கெட்டதுக்கு என்று அவர் பெட்டியில் ஒரு பட்டுக்கரை வேட்டி வைத்திருந்தார். முறைப்படி தம்பி எனக்குத்தான் அது வந்திருக்க வேண்டும். வரவில்லை. கருமாதி அன்றைக்குப் பார்க்கிறேன், அண்ணி வீட்டுப் பூனைக்கு அது மெத்தையாகக் கிடக்கிறது. வாயைத் திறக்கவில்லை. ஆறு வருசமும் அதை விழுங்கிக்கொண்டுதான் அந்த வீட்டில் சோறு தின்றேன்.

அண்ணி பேர் லீலாவதி. உடையார்பாளையம் பக்கம் வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. இருபத்திரண்டு வருசம் கட்டையும் கையுமாக உட்கார்ந்தவர். கொட்டையின் ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பல் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் அண்ணியின் விரல் பத்தும் கரி. ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாது.

"இந்தம்மா வெரல வூட்டுலயே வச்சிட்டு வந்துடுச்சு" என்று கடைக்காரர் கிண்டல் பண்ணுவார்.

"நீங்க அரிசியப் போடுங்க. அள்ளித் திங்க வெரலு இருக்கு" என்பார் அண்ணி.

பிள்ளை இல்லை. அண்ணன் போனபின் அந்த வீட்டில் அவருக்குத் துணை செவலை என்கிற பூனைதான். ஸ்டூல் மேல் தக்காளி அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேடு ஒன்று, அதற்குள் இலவம்பஞ்சு வைத்துத் தைத்த அண்ணன் வேட்டி. அதில் மகாராணி மாதிரி படுத்திருக்கும். நான் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். சீட்டிலேயே படுத்து முதுகு போனவன். பூனைக்கு எதற்கு மெத்தை? கிடைத்த இடத்தில் சுருளுகிற சீவன்தானே அது.

போன ஆனியில் அண்ணி கண் காட்ட ஜெயங்கொண்டம் போனார். வாசலில் காய்கிற கொட்டைக்கு என்னைக் காவல் வைத்தார். அவர் பஸ் ஏறியதும் கிரேடுக்குள் கையை விட்டேன். தையலைப் பிரித்து வேட்டியை உருவி, துவைத்துக் கொடியில் போட்டேன். செவலை காலைச் சுற்றிக் கத்தியது. ஓடு குவிக்கிற மூலையில் ஒரு காலிச் சாக்கு கிடந்தது. எண்ணெய் ஊறி மெத்தென்று இருந்தது. அதை மடித்துப் போட்டு, மேலே ஒரு கருவாட்டுத் துண்டும் வைத்தேன்.

ஓட்டு எண்ணெய் பட்டால் வேகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மனுசன் கைக்குத்தானே அது, உடம்பு பூரா மயிர் போர்த்திய சீவனை என்ன செய்யும் என்று நினைத்தேன். பூனையும் தின்றது, சுருண்டது, தூங்கியது. பார்த்தாயா, இதுக்கா மெத்தை என்று சிரித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு அண்ணி வந்தார்.

"செவல எங்க தம்பி?"

சாக்கைக் காட்டினேன். கையிலிருந்த பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். பூனையைத் தூக்கிப் புரட்டினார். அடிவயிற்றில் மயிர் கொத்துக்கொத்தாகக் கழன்று, தோல் ரத்தச் சிவப்பாய் நீர் கோத்திருந்தது. வாயோரம் நுரை. எரிந்த இடத்தை நக்கி நக்கி எண்ணெயை உள்ளேயும் இழுத்திருக்கிறது. பத்தடி தள்ளி நான் போன் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"யாரு சாக்குப் போட்டது?"

"நான்தான் அண்ணி. அண்ணன் வேட்டியப் போயி நீங்க பூனைக்கு..."

"நான் போட்டனா? உங்க அண்ணன் போட்டாரு! முன்ன இருந்த பூன இப்படித்தான் சாக்குல படுத்து வெந்து செத்துச்சு. மூணு நாள் சோறு திங்கல அவரு. இதுக்காச்சும் தனி எடம் வேணும்னு அந்த வேட்டிய எடுத்து அவரு கையாலயே தச்சாரு. நோவுல விழுறதுக்கு நாலு மாசம் முன்ன."

கொடியில் வேட்டி ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தலையைத் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் சுற்றி, பைக்கில் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பார்த்ததும் கத்தினார். "முந்திரிச் சாக்குலயா படுக்க வப்பாங்க? எந்த மடையன் வச்சது?"

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "கவனிக்காம வுட்டுட்டேன் சார்" என்றார்.

பிழைப்பது சந்தேகம், நக்க மட்டும் விடாதீர்கள் என்று மருந்து கொடுத்தார் டாக்டர். பன்னிரண்டு நாள் நான் லாரி எடுக்கவில்லை. மடியில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கை பூராவும் பிறாண்டியது. பிறாண்டட்டும் என்று விட்டேன். பதிமூன்றாம் நாள் தானே எழுந்து பால் குடித்தது. வயிற்றில் மட்டும் இன்னும் மயிர் முளைக்கவில்லை. அதே வேட்டியில் பஞ்சை அடைத்து மெத்தையை நானே தைத்துத் திரும்பக் கிரேடில் வைத்தேன். கோணல் தையல்தான். இரண்டு நாள் முகர்ந்து பார்த்துவிட்டு ஏறிப் படுத்தது.

ஐப்பசியில் அண்ணிக்குக் காய்ச்சல் கண்டது. அரியலூர் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் போய்விட்டார். ஆட்டோவில் ஏற்றிய அன்றைக்கு வீட்டுச் சாவியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு என் கையில்தான் வைத்தார்.

"நான் வர்ற வரைக்கும் இங்கயே இரு தம்பி. அது எங்க படுத்திருக்குன்னு தெனமும் பாத்துட்டு எனக்கு ஒரு போனு போடு."