வெட்கத்தை விட்ட ஜோதிலட்சுமி

வெட்கம் கெட்டவள் என்று ஊரார் சொல்லிவிட்டால் ஆயிற்றா? செய்யூர் பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், ஆணோ பெண்ணோ, "வெளிக்குப் போனா ரத்தம் கித்தம் வருதா?" என்று ஜோதிலட்சுமி கேட்பது வாஸ்தவம்தான். கேட்டால் என்ன குறைந்துவிட்டது? அந்த வீட்டில் வெட்கப்பட்டே இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா, மூலம் என்று நினைத்துத் துத்தி இலையை வதக்கித் தின்றுகொண்டே நாற்பத்து நாலு வயதில் பாடை ஏறினார். அக்கா சரோஜா வயிறு வீங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

ஜோதிலட்சுமிக்குச் சவுக்கு நாற்றுப் பண்ணையில் வேலை. பையில் மண் நிரப்பும்போதும் அதே விசாரணைதான். "சோத்த வச்சிக்கினு இன்னாடி பேச்சு இது?" என்று மற்றவர்கள் தள்ளிப் போய் உட்காருவார்கள். அவள் தூக்குச்சட்டியைத் திறந்து தனியே தின்பாள். பெண் பார்க்க வந்தவர்களிடமே குடும்பத்து வியாதியைச் சொன்னவள் அவள். காபி ஆறுமுன்னே எழுந்து போனார்கள். அதன்பின் யாரும் வரவில்லை.

தம்பி தர்மராஜுக்கும் குடலில் புற்று வந்தபோது சென்னைக்கு இழுத்துப் போய் ஆபரேஷன் செய்ய வைத்தாள். பிழைத்தான். இது பரம்பரையாக இறங்குகிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை வந்திருப்பதாக அங்கே டாக்டரம்மா சொன்னார். வியாதி வந்தவரின் ரத்தத்தில் கோளாறு இன்னதென்று முதலில் கண்டால்தான், மற்றவர்களுக்கு உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியுமாம். வந்தவர்களில் உயிரோடிருப்பவன் தர்மராஜ் ஒருவனே.

"ஒரு ஊசி ரத்தம்டா. எனக்கு அந்தக் கோளாறு கீதா இல்லியா, உம் பொண்ணுக்கு கீதா இல்லியான்னு தெரிஞ்சிடும்."

"லதாவப் பாக்க வந்துகினு கீறாங்க. இப்பப் போயி ரத்தம் குடுத்தா எவன் கட்டுவான்?"

"தெரிஞ்சா அப்பப்ப குடலுக்குள்ள கொழா வுட்டுப் பாத்து, ஆரம்பத்துலயே எடுத்துடலாமாம்டா."

"நீ வாய மூடிக்கினு இரு அக்கா, அது போதும்."

மாப்பிள்ளை வீட்டார் திருவிடந்தைக்காரர்கள். இந்தப் பக்கத்துச் சங்கதி தெரியாது. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் தாயார் தர்மராஜைக் கேட்டாள்: "உங்க நைனா எதுல போனாரு?"

"நெஞ்சு வலிங்க" என்றான், அக்கா பக்கம் திரும்பாமலே.

முன்பின் தெரியாதவரிடம் கேட்கக் கூசாத வாய், லதாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற இனி அவன் ரத்தம் கொடுக்கப் போவதில்லை என்பது ஜோதிலட்சுமிக்கு விளங்கிவிட்டது.

சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து லதாவுக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். கல்யாணமாகாத அத்தையை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே எழுந்து வந்தாள். சந்தனக் கிண்ணத்தைத் தொடாமல், பட்டுப் புடவையின் மேலாக லதாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"ஐயே, அத்தைக்கு இன்னா அவசரம்! அதுக்குள்ள பேரப்புள்ளயத் தேடுது பாரேன்!" என்றாள் சுமங்கலிகளில் ஒருத்தி.

கூடமே சிரித்தது. லதாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ஜோதிலட்சுமி கையை எடுத்தாள். செருப்பை மாட்டக்கூட நிற்காமல், கையில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.