வாசல் பம்புக்குச் சிவப்பு

மகளின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு வந்திருக்கிறது. ஊருக்குப் பயன்படும் ஒன்றைப் பிள்ளைகளே யோசித்துச் செய்ய வேண்டுமாம். கூட நின்று உதவுவதா, விலகி நிற்பதா என்று இரண்டு நாளாக எனக்குக் குழப்பம். இதே வேலையை நான் ஏழாம் வகுப்பில் செய்தேன். அதில் என் அத்தையின் சம்பந்தம் ஒன்று நின்றுபோனது.

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறிவிடும். அறிவியல் டீச்சர் ஒரு சோதனைப் பெட்டி கொண்டுவந்தார். நாங்கள் ஐந்து பெண்கள் ஊரிலுள்ள கைப்பம்புகளின் தண்ணீரையெல்லாம் பாட்டிலில் பிடித்து, சொட்டு விட்டு நிறம் பார்த்தோம். குடிக்கலாம் என்றால் பச்சை பெயிண்டு, கூடாது என்றால் சிவப்பு. எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த பம்புக்குச் சிவப்பு என்று வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அத்தை, அப்பாவின் தங்கை. பல் கறையால் முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த முறை வாய் மூடியிருக்கும் போட்டோவைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

"கேட்டதுக்குத் தலைய மட்டும் ஆட்டு. சிரிச்சு கிரிச்சு வெக்காத" என்று அம்மா அத்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாசல் பம்புக்கு மட்டும் திங்கட்கிழமை பெயிண்டு அடித்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. நானும் சரியென்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம், அப்பா பலகாரம் வாங்கப் போயிருந்த நேரம், அத்தை பிரஷ்ஷும் பெயிண்டு டப்பாவுமாக வந்தாள்.

"ஊரெல்லாம் அடிச்சிட்டு உங்க வூட்டு வாசல மட்டும் விட்டுட்டியேன்னு டீச்சர் கேக்க மாட்டாங்களா?"

எனக்குப் பயமாகிவிட்டது. கைப்பிடிக்கு நான் அடித்தேன். மீதியை, அடிவரைக்கும், அத்தையே அடித்தாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரை வாங்கிக்கொண்டே வாசலைப் பார்த்தார்.

"ஏங்க, பம்புக்கு எதுக்குச் செவப்பு?"

"பசங்க வெளையாட்டுங்க" என்றார் அப்பா.

"வெளையாட்டு இல்லைங்க. எங்க பாப்பாவையே கேளுங்க, அவ சொல்லுவா" என்றாள் அத்தை. பெண் வாய் திறந்ததில் எல்லோரும் திரும்பினார்கள்.

நான் எழுந்து கைகட்டி நின்று, வகுப்பில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பல் கறையாகும், எலும்பு வளையும், காய்ச்சினாலும் போகாது. எதையும் உதாரணத்தோடு விளக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது.

"எங்க அத்தை பல்லப் பாருங்க, தெரியும்" என்றேன்.

அத்தை சிரித்தாள், எல்லாப் பல்லும் தெரிகிற மாதிரி. மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த காபியை ஒருமுறை உற்றுப் பார்த்து, குடிக்காமல் கீழே வைத்தார்.

அவர்கள் வண்டி கிளம்பியதும் அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். "வூட்டு மானத்த வாங்கிட்டியேடி."

"பள்ளிக்கூடத்துல சொன்னதத்தானே சொன்னா, அண்ணி" என்று அத்தை நடுவில் வந்து என்னை இழுத்துக்கொண்டாள். பிறகு எனக்குத் தலை வாரிவிட்டாள். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்குடி?" என்றாள்.

எனக்காகத் துக்கத்தை மறைக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் எத்தனையோ வருடம் அவள் முகத்தை நேராகப் பார்க்கவே கூசினேன். அந்த மாப்பிள்ளை அவளுக்குப் பிடிக்கவில்லையா, இல்லை காலமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பிடிக்கவில்லையா, எனக்கு இன்றும் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

எங்கள் பெயிண்டும் பிரஷ்ஷும் அந்தச் சனிக்கிழமை பள்ளி பீரோவில் இருந்தன. திங்கட்கிழமைதான் திறப்பார்கள். அத்தை கொண்டுவந்தது மூடிகூடத் திறக்காத புது டப்பா. அதைத் திறக்க அவளுக்கு ஸ்பூன் எடுத்துக்கொடுத்ததே நான்தான்.