படியேறி வந்தவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையில் இருபத்திரண்டு வருட அனுபவம். இன்டர்வியூவில் மட்டும் சுத்தமாகக் கிடையாது. மகள் ஒரு வாரமாகக் கேள்வி கேட்டே அவரை வறுத்தெடுத்திருந்தாள். “பழைய வேலையை ஏன் விட்டீங்கன்னு கேட்டா, முன்னேற ஆசைன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோங்கப்பா. உண்மையைக் கொட்டித் தொலைக்காதீங்க.”

இப்போது அவர் பத்து நிமிடம் தாமதமாக, மூச்சிரைக்க, ஆறாம் மாடி அறையில் வந்து உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. உட்கார்ந்த இடம் நெருப்பாய்ச் சுட்டது. பாக்கெட்டுக்குள் விரல்கள் ஒரு சாவியை உருட்டிக்கொண்டே இருந்தன.

மேலாளர் அம்மா எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் கேட்டார். “பழைய வேலையை ஏன் விட்டீங்க?”

முன்னேற ஆசை நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு மேல் வருவேனா என்றது.

“விடல மேடம், துரத்திட்டாங்க. பிரேக் தேஞ்ச லிஃப்டை ஓட்டச் சொன்னாங்க, நான் நிறுத்திப் பூட்டிட்டேன். அன்னிக்குன்னு பார்த்து முதலாளி எட்டு மாடி ஏற வேண்டியதாப் போச்சு.”

போச்சு, எல்லாம் போச்சு. மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். “இங்கேயும் அப்படித்தான் பண்ணுவீங்களோ?”

அவர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். எந்த லிஃப்டையும் பூட்டுகிற மெக்கானிக் சாவி.

“பண்ணிட்டுத்தான் வர்றேன் மேடம். உங்க லிஃப்ட் மூணாம் மாடியில தரைக்கு நாலு விரல் கீழே போய் நிக்குது. பிரேக் வழுக்குது. வீட்டுக்குப் போகும்போது படியில இறங்குங்க.”