வட்டவிதானையாரின் முடிச்சு

வட்டவிதானை முகம்மது தம்பி ஒரு மதகை மூடினால் மூடியதுதான். அவருக்கு வீடு சாய்ந்தமருதில், வயல் சவளக்கடைப் பக்கத்தில். ஒரே வாய்க்காலில் பாயும் அந்த வயல் கண்டத்தில் யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிக்கும் வட்டவிதானைப் பொறுப்பை விவசாயிகள் போகத்துக்குப் போகம் கூடி அவர் கையில்தான் கொடுத்து வந்தார்கள். கதவை இறக்கி முடித்ததும் அதன் திருகுச் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வருவார். ஒரு சுற்று, அதை உள்ளே மடக்கி இன்னொரு சுற்று, நுனி கீழே பார்த்தபடி. வேறு யாராவது அவிழ்த்துத் திரும்பக் கட்டினால் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.

மீறிக் கை வைத்தவர்களுக்கு அவர் தண்டம் போடுவதில்லை. அடுத்த கண்டக் கூட்டத்தில் எழும்பி நின்று, எல்லோருக்கும் முன்னால், "நான்தான் கை வச்சன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எத்தனையோ பேர் தனியாக வந்து, நெல் மூட்டையாகவே தண்டம் கட்டுகிறோம், இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவர் விட்டதில்லை. இரண்டு சொல் சொல்வதில் அப்படி என்ன கஷ்டம் என்று உண்மையிலேயே அவருக்குப் புரிந்ததில்லை.

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, மருமகன் பஸால் கண்டி பார்க்கப் போகலாம் என்றார். மகள் பஸ்லியாவுக்கும் ஆசை. முகம்மது தம்பியின் மனைவி சுபைறாவுக்கு அதைவிட ஆசை. பஸால் போனிலேயே தேடி, வாவிக்குப் பின்னால் ஏறிப் போகும் ஒழுங்கையில் ஒரு சின்ன ஹோட்டலில் இரண்டு அறை எடுத்தார். மூன்று மாடி; அகலம் குறைவு; படிகள் செங்குத்து. பெட்டிகளைத் தூக்க வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். அந்த ஹோட்டலில் குழாய், லைட், பம்ப், சந்தைச் சாமான் எல்லாம் அவன் பொறுப்பு. பெயர் வினோஜ். இவர்கள் பேசுவதைக் கேட்டதுமே பெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"நீங்க கல்முனைப் பக்கமா?"

"சாய்ந்தமருது."

"நான் காரைதீவு! அட, நீங்க வட்டவிதானையார்தானே? எங்கட அப்பாவும் உங்கட கண்டத்திலதான் வேளாண்மை செய்தவர். தங்கராசா."

"தங்கராசாவா? வாய்க்கால் கடைசி வயல்காரன்! எந்த நேரமும் தண்ணி காணாது, தண்ணி காணாது எண்டு கத்துவான்."

"வீட்ட வந்தும் கத்துவார். விதானையார் நியாயமான மனிசன்தான், ஆனா இரக்கம் மருந்துக்கும் இல்ல எண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். முகம்மது தம்பிதான் அதிகம் சிரித்தார். அன்று முழுக்க வினோஜ் அவரை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுக்குக் கறி உறைப்புப் போதுமா என்று கேட்டான். தொழுகைக்குக் கிப்லா எந்தப் பக்கம் என்று விசாரித்து வந்து சொன்னான்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம். பின்பக்கச் சுவரோடு சளசளவென்று, நிற்காமல். வெளியே வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. அவர் எழுந்து சாரனை மடித்துக் கட்டினார்.

"இஞ்ச, எங்க போறீங்க?" என்றாள் சுபைறா.

"வான் பாயுது. தண்ணி நிரம்பி வழியுது."

"வான் பாய இது என்ன குளமா? ஹோட்டல்காரன் பாத்துக்கொள்ளுவான். பேசாம இரிங்க."

அவர் இருக்கவில்லை. தண்ணீர் வீணாக ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்த பழக்கமே அவருக்கு இல்லை. படியேறி மொட்டை மாடிக்குப் போனார். கறுப்புத் தண்ணீர்த் தாங்கி விளிம்பு தள்ளி வழிந்துகொண்டிருந்தது. கீழே எங்கோ பம்ப் உறுமியது. அவர் தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினார். சேறு கலங்கிய தண்ணீருக்குள் மதகுச் சக்கரத்தைத் தேடிப் பழகிய கை அது. பாசி பிடித்த ஒரு சின்னச் சக்கரம் அகப்பட்டது. இறுகிப் போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்கத் திருகினார்.

அதே நேரம் கீழே பம்ப் தானாக நின்றது. வழிந்த தண்ணீர் ஓர் இழையாக மெலிந்து, சொட்டி, ஓய்ந்தது. தன் கைதான் அதை நிறுத்தியது என்று முகம்மது தம்பி நினைத்தார். அவர் மூடியது தாங்கிக்குத் தண்ணீர் ஏறும் குழாயை அல்ல, தாங்கியிலிருந்து ஹோட்டல் முழுவதற்கும் இறங்கும் குழாயை. அது அவருக்குத் தெரியாது. பழக்க தோஷத்தில் மடியில் முகம் துடைக்க வைத்திருந்த லேஞ்சியை எடுத்துச் சக்கரத்தில் கட்டினார். ஒரு சுற்று, உள்ளே மடக்கி இன்னொரு சுற்று. பயணத்துக்கென்று பஸ்லியா வாங்கிக் கொடுத்த புது லேஞ்சி. சிவப்புக் கட்டம் போட்டது.

"ஒரு குளத்துத் தண்ணி வீணாப் போய்க்கொண்டிருந்தது. ஆக்கள் கிடந்து தூங்குறாங்க," என்றார், திரும்பி வந்து.

"கண்டிக்கும் நீங்கதான் விதானை," என்றாள் சுபைறா.

சுபஹுக்கே குளித்துத் தயாராகியிருந்ததால் எல்லோரும் அப்போதே புறப்பட்டார்கள். பேராதனைப் பூந்தோட்டத்தில் அவர் காலையெல்லாம் உற்சாகமாக நடந்தார். ஆற்றோரத்தில் நின்று, இந்தத் தண்ணீரைக் கொண்டு எத்தனை கண்டம் விதைக்கலாம் என்று மருமகனுக்கு விளக்கினார். பஸால் தலையாட்டிக்கொண்டே படம் பிடித்தார்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குத் திரும்பி வந்தபோது ஹோட்டலின் முன்கூடத்தில் நிற்க இடமில்லை. இரண்டாம் மாடி முழுக்க ஒரு கல்யாண வீட்டுக்காரர் தங்கியிருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பாதி முகத்தில் சவர நுரை காய்ந்துபோய் நின்றார். தலையில் ஷாம்பூவோடு துவாயைச் சுற்றிக்கொண்டு இரண்டு பெண்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கக்கூஸ் நாற்றம் கூடம் வரை வந்திருந்தது. காலையிலிருந்து ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை.

நடுவில் ஹோட்டல் முதலாளி மர்சூக் நின்றார். அவருக்கு முன்னால் இரண்டு கையிலும் வாளியோடு வினோஜ். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கீழ்த் தொட்டியிலிருந்து மூன்று மாடிக்கும் அவன் வாளியாலேயே தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான்.

"பம்ப் போட்டேன் எண்டு சொல்றியே, அந்தத் தண்ணி எங்கடா போச்சு? பறந்து போச்சா?"

"போட்டனான் முதலாளி. நிரம்பினாக் கொஞ்சம் வழிஞ்சிட்டுத் தானா நிக்கும் எண்டு சந்தைக்குப் போயிட்டன். வந்த நேரம் துடக்கம் ஒரே வாளிதான். மேல போய்ப் பாக்க ஆர் விட்டாங்க?"

"வாய் மட்டும் நல்லா ஓடுது. தண்ணிதான் ஓடல்ல."

முகம்மது தம்பியின் கை தானாக மடியைத் தடவியது. அங்கே லேஞ்சி இல்லை. உள்ளங்கையில் அந்தச் சக்கரத்தின் இறுக்கம் திரும்ப வந்தது.

பஸால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மர்சூக்கிடம் போனார். "இது என்ன வேலை காக்கா? வயசான ஆக்களக் கூட்டிவந்திரிக்கன். வேலை தெரியாத ஆள வச்சுக்கொண்டு ஹோட்டல் நடத்துறீங்களா? நான் இப்பவே போன்ல எழுதிப் போடுறன், இவர்ர பேரையும் சேத்து." அங்கேயே நின்று எழுதவும் தொடங்கிவிட்டார்.

சுபைறா கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் படியேறினார்.

அறைக் கதவைத் தட்டியது வினோஜ். ஒரு வாளி தண்ணீரை உள்ளே வைத்தான்.

"விதானையார், இது உங்களுக்கு. வுழூச் செய்யத் தேவைப்படுமே. கல்யாண ஆக்கள் கண்டாப் பறிச்சிடுவாங்க, கதவச் சாத்துங்க."

அவனுடைய விரல்களில் வாளிப் பிடி பதிந்து சிவந்த கோடு இருந்தது. முகம்மது தம்பி கதவைச் சாத்தினார். அந்தத் தண்ணீரில் கையையும் முகத்தையும் காலையும் கழுவினார். தொழுதார். எந்த சூரா ஓதினார் என்று ஸலாம் கொடுத்த பிறகு நினைவில்லை.

"காலம்பற நீங்க…" என்று தொடங்கினாள் சுபைறா.

"வாயை மூடு."

அவளிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் கதவைத் திறந்து, ஆளில்லாத நேரம் பார்த்து, சுவரோடு சுவராக மாடிக்கு ஏறினார். இப்படி ஒளித்து மதகடிக்கு வந்தவர்களை அவருக்குத் தெரியும். வரம்போடு குனிந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களை எட்டத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடுவார். இப்போது தானும் செருப்பைக் கையில் பிடித்திருப்பதை மேல்படியில்தான் கவனித்தார்.

முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. அவிழ்க்காமலேயே லேஞ்சியை உருவி மடியில் செருகிக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினார். குழாய்க்குள் ஒரு குமுறல் இறங்கிப் போனது. கீழே, "தண்ணி வந்திட்டு!" என்று பெண்களின் கூச்சல் எழுந்தது. யாரோ கைதட்டினார்கள். அல்லாஹ்வைப் புகழ்ந்தபடி அவர் இறங்கினார். முடிந்தது, யாருக்கும் தெரியாமல் முடிந்தது என்று நினைத்தார். கடைசிப் படிகளில்தான் மர்சூக்கின் குரல் கேட்டது.

"இந்த வேகத்தில வருதெண்டா தாங்கி நிறையத் தண்ணி இருந்திரிக்கு! வால்வை மூடிப்போட்டு மறந்திருக்கிறாய். இப்ப நைசாப் போய்த் திறந்திட்டு, வாளி தூக்கி நடிக்கிறாய். மேல போறது உன்னைத் தவிர ஆரு?"

"நான் போகல்ல முதலாளி. மாப்பிள்ளை வீட்டு அறையிலதான் நிண்டன்."

"அப்ப ஜின் வந்து திறந்ததா? பேக்கக் கட்டு. நாளைக்கு ஊருக்குப் போ."

"சரியான முடிவு," என்றார் பஸால்.

வினோஜ் கையிலிருந்த வாளியைச் சத்தம் வராமல் தரையில் வைத்தான்.

முகம்மது தம்பி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறை இன்னும் பத்தடி தூரத்தில்தான். போய்ப் படுத்துக்கொள்ளலாம். மருமகனுக்கு முன்னால், முன்பின் தெரியாத இத்தனை பேருக்கு முன்னால்… இதை மட்டும் விடுங்கள் விதானையார் என்று வாசலில் வந்து நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"நான்தான் கை வச்சன்," என்றார்.

குரல் எழும்பவில்லை. திரும்பவும் சொன்னார். கூடம் திரும்பிப் பார்த்தது.

மர்சூக் சிரித்தார். "வாப்பா, பக்கத்து ஊர் ஆள் எண்டு இவனக் காப்பாத்தப் பாக்கிறீங்க. நல்ல மனசு. ஆனா இந்த வயசில நீங்க மேல ஏறி, அந்தத் துருப்பிடிச்ச வால்வை… போங்க, போய் ஆறுதலா இருங்க."

"மாமா, சும்மா இரிங்க," என்றார் பஸாலும்.

ஒரு நல்ல மனிதன் என்ற பெயரோடு அறைக்குப் போக வழி திறந்து கிடந்தது. சொல்லியும் ஆயிற்று, யாரும் நம்பவில்லை, இனி என்ன செய்வது என்று அவர் மனம் அந்த வழியில் ஒரு கால் வைத்தது. வைத்ததை அவரே கண்டார். அன்றைய வெட்கங்களில் பெரியது அதுதான். அதைப் பிறகு சுபைறாவிடம் கூட அவர் சொல்லவில்லை.

மடியிலிருந்து லேஞ்சியை எடுத்து நீட்டினார். பாசி பிடித்து, முடிச்சு அவிழாமல் இருந்தது.

"அது நான் வாங்கித் தந்த லேஞ்சியெல்லோ?" என்றாள் பஸ்லியா. "என்ன வாப்பா இது?"

வினோஜ் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"விதானையார்ர முடிச்சுத்தான்," என்றான் மெதுவாக.

பாதிச் சவர மாமாதான் முதலில் வெடித்துச் சிரித்தார். "கண்டிக்கே தண்ணிய மறிச்சுப்போட்டார் மனிசன்!" சிரிப்பு படிகளில் ஏறிப் பரவியது. மர்சூக், "சரி சரி, போய் வேலையைப் பார்," என்று வினோஜிடம் சொன்னாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பஸால் போனைக் குனிந்து பார்த்து, எழுதியதை அழித்தார். அவருடைய காது சிவந்திருந்தது. அன்று பின்னேரம் யாரும் வாவி பார்க்கப் போகவில்லை.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வினோஜ் தேத்தண்ணீர் கொண்டுவந்தான். லேஞ்சியைக் கழுவிக் காயவைத்து மடித்திருந்தான். முடிச்சு இல்லை.

"வினோஜ், நீ என்னை மன்னிக்கணும். நான் நேரத்தோட சொல்லியிருக்கணும். வாளி கொண்டு வந்தியே, அப்பவாவது…"

"விடுங்க விதானையார்." அவன் கோப்பையை மேசையில் வைத்தான். "எங்கட அப்பாவும் ஒரு போகம் கூட்டத்தில எழும்பி நிண்டவர். பயிர் கருகுது எண்டு உங்கட முடிச்சை அவிழ்த்தவர். அண்டைக்கு வீட்ட வந்து அவர் சோறு தின்னல்ல."

முகம்மது தம்பி யோசித்தார். எந்த வயலுக்கு எந்தப் போகம் எந்த முறையில் தண்ணீர் விட்டார் என்பது அவருக்கு இன்றும் மனப்பாடம். தங்கராசா எழும்பி நின்றது மட்டும் நினைவில் எங்கும் இல்லை.

"எனக்கு ஞாபகமில்லையே," என்றார்.

"அவருக்கு இருந்தது," என்றான் வினோஜ். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனான்.

மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்தது. ஊருக்குப் போகப் பெட்டிகள் கட்டி வைத்திருந்தன. பின்பக்கச் சுவரோடு தண்ணீர் மறுபடியும் வழியத் தொடங்கியது. சளசளவென்று, நிற்காமல்.

சுபைறா அவரைப் பார்த்தாள். "தண்ணி போகுது."

"போகட்டும்."

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு துளி விடாமல் காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில், வெளியே படியில் வினோஜ் செருப்புக் காலோடு மேலே ஏறும் சத்தம் கேட்டது. தங்கள் அறைக் கதவைத் தாண்டிய இடத்தில் அந்தக் காலடி ஒரு கணம் நின்றது. முகம்மது தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு காலடி ஏறிப் போனது.