இறக்கியாச்சா?

நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். சந்தேகம் இருந்தால் என் மச்சானின் இடது கையை வந்து பாருங்கள். கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கிலும் ஊசியால் குத்தினாலும் அவனுக்குத் தெரியாது.

நான் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்ப்பவன். இருபத்திரண்டு வருஷத் தொழில். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "முதல்ல எர்த் சரியா இருக்கான்னு பாருங்க" என்று வாரிவிடுகிற ஆள். இப்போது அந்தக் கிண்டலெல்லாம் நின்றுபோய்விட்டது.

மச்சான் என் மனைவியின் தம்பி. பேஸ் கிட்டார் வாசிப்பான். எத்தனையோ இசைக்குழுக்களின் வாசலில் நின்றான்; கடைசியில் ஒரு குழுவில் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை, ஆம்ப்ளிஃபயர் அவனுடையதாக இருக்க வேண்டும். ஆயிரம் வாட். வெள்ளிக்கிழமை மேடை. "மாமா, இதையும் விட்டா எனக்கு வேற கதி இல்ல" என்றான். கடையில் வாங்க அவனுக்கு வசதி கிடையாது. நானே செய்து தருகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பாகங்களைத் தேடுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. சந்தையில் கிடைக்கிற பவர் டிரான்ஸிஸ்டர்களில் பாதி போலி. பெயின்ட் தின்னரில் நனைத்த பஞ்சால் தேய்த்தால் மேலே இருக்கிற எழுத்து அழிந்து, அடியில் வேறு நம்பர் பல்லை இளிக்கும். ஏழு கடை ஏறி இறங்கிப் பதினாறு நல்லதைப் பொறுக்கினேன். டிரான்ஸ்ஃபார்மரை மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் சொல்லிச் சுற்றி வாங்கினேன். பதினோரு கிலோ, தூக்கி வந்ததில் தோள்பட்டை போய்விட்டது. கடைசியில் கெப்பாசிட்டரில் வந்து வேலை நின்றது.

அது கரண்டைத் தேக்கி வைக்கிற டப்பா. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேங்கியது உள்ளேயே நிற்கும். தெரியாமல் தொட்டால் ஆள் காலி. அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அதன் இரண்டு முனைகளிலும் ஒரு பல்பை இணைத்து, அது எரிந்து அணையும்வரை காத்திருப்போம். சார்ஜை இறக்குவது என்று அதற்குப் பெயர். கை வைக்கப்போகிறவன் "இறக்கியாச்சா?" என்று கேட்பான். கூட இருப்பவன் "ஆச்சு" என்பான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உள்ளே கையை விடுவது.

திங்கட்கிழமை மதியம் 1.40. மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த ஒரு கடையில் நான்கு கெப்பாசிட்டர் இருந்தது. தண்ணீர் டம்ளர் அளவு. பழைய சரக்கு, ஆனால் ஒரு கீறல் இல்லை. கடைக்காரர் ஒல்லியான மனிதர். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"தனியா வேலை செய்வீங்களா, கூட ஆள் உண்டா?"

"மச்சான் இருப்பான்."

எடுத்ததை மறுபடியும் அலமாரியில் வைக்கப் போனார். "அப்ப வேண்டாம் சார்."

ஒரு வாரம் நாயாய் அலைந்தவன் விடுவேனா? அரை மணி நேரம் நச்சரித்தேன். மனசில்லாமல்தான் பொட்டலம் கட்டினார். "யார் கேட்டாலும் வாயால பதில் சொல்லாதீங்க. பல்பைக் காட்டுங்க" என்றார். மனுஷனுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

அன்று மாலை 5.15. பழக்க தோஷத்தில் ஒரு கெப்பாசிட்டரில் பல்பை வைத்துப் பார்த்தேன். எரிந்தது.

மங்கலாக, சிவப்பாக, ஒரு விநாடி. வருஷக்கணக்காக அலமாரியில் கிடந்த சாமானில் சார்ஜ் எப்படி? கடைக்காரர் சோதித்துப் பார்த்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்கையும் இறக்கினேன். ஒவ்வொன்றின் இரண்டு முனைகளையும் ஒரு சிவப்பு வயர்த் துண்டால் சேர்த்துக் கிளிப் போட்டேன். அப்படிப் போட்டுவிட்டால் சார்ஜ் ஏற வழியே கிடையாது.

செவ்வாய் காலை 6.10. நான்கு வயர்களும் கழன்று மேஜைமேல் கிடந்தன. வரிசையாக. நேராக நீட்டி, ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு... பல்பை வைத்தேன். இந்தத் தடவை நான்கு விநாடி எரிந்தது.

மனைவியைக் கேட்டேன். "உங்க குப்பையை நான் ஏன் தொடப்போறேன்? பாக்கெட்ல ஸ்க்ரூவைப் போட்டுப் போட்டு வாஷிங் மெஷினைக் கெடுத்தது போதாதா?" என்றாள். அந்தக் கோபத்தில்தான் போன வாரம் என் வேலை பேன்டின் இடது பாக்கெட்டின் வாயைக் கறுப்பு நூலால் தைத்தே விட்டிருந்தாள்.

புதன் மாலை 7.05. குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மச்சானின் குரல்.

"மாமா, இறக்கியாச்சா?"

"ஆச்சுடா" என்றேன், திரும்பாமலே.

இரண்டு நிமிஷம் கழித்துத் தெருக்கதவு திறந்தது. மச்சான் உள்ளே வந்தான். கையில் கடையிலிருந்து வாங்கிய ஈயக் கம்பிச் சுருள்.

"யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"ரேடியோ" என்றேன். அந்த அறையில் ரேடியோ கிடையாது.

அப்போதே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை நின்றுவிடும், மேடை போய்விடும், அவன் முகம் வாடிவிடும். வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பாவம் என்னுடையதுதான்.

வியாழன் மாலை 5.50. ஆம்ப்ளிஃபயர் தயார். மச்சான் கிட்டாரை மாட்டி ஒரு கம்பியைத் தட்டினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தை மாதிரி சிரித்தான். அவன் இடது கை விரல்கள் அந்தக் கம்பிகளில் ஓடியதை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

உள்ளே ஒரு வயர் மட்டும் லூஸ். அதை முறுக்கினால் முடிந்தது.

6.22. கரண்ட் போனது. தெரு முழுக்க இருட்டு. பிளக்கைப் பிடுங்கினேன். எமர்ஜென்சி விளக்கைப் போட்டேன். பல்பை வைத்தேன், எரிந்து அணைந்தது. மறுபடி வைத்தேன், எரியவில்லை. நான்கு சிவப்பு வயர்களையும் மாட்டினேன். எண்ணிப் பார்த்தேன். நான்கு.

"நான் வர்ற வரைக்கும் தொடாதே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவச் சமையலறைக்குப் போனேன். மனைவி மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

6.31.

ம்ம்ம்ம்ம்...

ஸ்பீக்கர். கரண்ட் இல்லாத வீட்டில். பாத்திரத்தில் இருந்த தண்ணீர் நடுங்கியது.

"கரண்ட் வந்துடுச்சா?" என்றாள் மனைவி.

வரவில்லை.

உள்ளேயிருந்து மச்சான் கேட்டான்.

"மாமா, இறக்கியாச்சா?"

நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. கால் ஓடத் தொடங்கியது...

ஆனால் பதில் வந்துவிட்டது.

அறைக்கு உள்ளேயிருந்து.

என் குரலில்.

"ஆச்சு. கை வை."

படார்...

உயிர் பிழைத்தான். கை பிழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மேடையில் வேறொருவன் வாசித்தான்.

சனிக்கிழமைதான் மச்சானுக்குப் பேச்சு வந்தது. "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?" என்றான்.

"நான் உள்ளேயே இல்லடா. உங்க அக்காகூட நின்னேன்."

"பக்கத்துலதான் நின்னீங்க. வெளிச்சத்துல பார்த்தேன். இடது கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுட்டு... சிரிச்சீங்க."

அவன் அக்கா சத்தியம் செய்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

கெப்பாசிட்டர்களைக் கழற்றினேன். தரையில் மூன்று சிவப்பு வயர்கள் கிடந்தன. நான்காவதை மேஜையைப் புரட்டித் தேடியும் காணோம். அன்று மதியமே பொட்டலத்தோடு மாடிப்படிக் கடைக்குப் போனேன். நான் பேசுவதற்கு முன்பே அவர் கேட்டார்.

"உங்க குரலா?"

தலையாட்டினேன்.

"இதெல்லாம் எங்க அண்ணனோடது. அவரு கேட்டப்ப என் குரல்ல பதில் வந்துச்சாம். பக்கத்துக் கடைல நாலு பேரு கேட்டிருக்காங்க. அண்ணன் அங்கயே போய்ட்டாரு. அந்த நேரத்துல நான் ஆஸ்பத்திரில இருந்தேன் சார், அப்பதான் பிறந்த என் மகளைக் கையில வாங்கிட்டு. அண்ணி இன்னிக்கும் என் மூஞ்சில முழிக்கறதில்ல."

"தெரிஞ்சும் ஏன் வித்தீங்க?"

"நீங்க விடலையே சார்" என்றார்.

பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 11.20. மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வியாழனன்று நான் போட்டிருந்த வேலை பேன்டைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல என்னமோ குத்துது."

இடது பாக்கெட். அவள் தைத்த கறுப்பு நூல் ஒரு இழைகூடப் பிரியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தாள். உள்ளே ஒரு சிவப்பு வயர்த் துண்டு. இரண்டு முனையிலும் கிளிப்.

அதை எடுத்து மடித்த துணிமேல் வைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க என்கூடத்தானே நின்னீங்க?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் குரலைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது.