விரதத்தில் விட்ட பக்கம்

என் புருசன் இவருக்குச் சீனி வருத்தம் கூடி, அது கண்ணில் இறங்கிய வருடம்தான் நான் வாய்விட்டு வாசிக்கப் பழகினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னாலே புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துவிடுவேன். பிறகு கடிதம், கலண்டர், கோயில் நோட்டீஸ் எல்லாம் மனதுக்குள்தான். கனடா வந்து மொன்றியலில் தையல் தொழிற்சாலைக்குப் போன காலத்திலும் ஆட்கள் முன்னால் நான் வாய் திறந்தது குறைவு.

எங்கள் கீழ் அறையில் வாடகைக்கு இருந்த சென்னைப் பிள்ளை படிப்பு முடிந்து போகும்போது ஒரு பை நிறையப் புத்தகங்களை விட்டுப் போனாள். அதில் ஒன்று தமிழில் வந்த யப்பான் நாவல். இவர் துறைமுகப் பக்கம் வேலை செய்த காலத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு புத்தகமும் கொண்டுபோன மனிதர். கண் மங்கிய பிறகு அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு இருப்பார். பார்க்கப் பொறுக்காமல் ஒரு பின்னேரம் நானே வாங்கி விரித்தேன். எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் வாசித்து முடிக்கத் தேத்தண்ணி ஆறிப்போகும். அவர் ஒரு சொல்லும் திருத்தமாட்டார். யப்பான் பேர்களை நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகச் சொன்னதால், கடைசியில் கிழவர், கிழவி என்றே வைத்துக்கொண்டோம்.

கதை இதுதான். கடலோர ஊரில் ரயில் ஓட்டி ஓய்வெடுத்த ஒரு கிழவர். பக்கத்து மீன்கடைக்காரியின் கைக்குழந்தை சுண்டுவிரலை மடிக்கும் விதத்தைக் கண்டு, செத்துப்போன தன் தமையன்தான் திரும்பப் பிறந்திருக்கிறார் என்று நம்புகிறார். அதற்குப் பிறகு மூப்புக்கு அவருக்குப் பயமே இல்லை. அடுத்த பிறப்புக்கு ஆயத்தம் செய்யத் தொடங்கிவிடுகிறார். கிழவியையும் இதே ஊரில் பிறக்கச் சொல்கிறார், தேடி அலையாமல் இருக்கலாமாம். இந்த இடத்தில் இவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

கேதார கௌரி விரதம் தொடங்கி எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அந்தப் பக்கம் வந்தது. புருசனை விட்டுப் பிரியாமல் இருக்கப் பெண்கள் பிடிக்கிற விரதம். இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாடு. கல்யாணம் முடித்த வருடத்திலிருந்து நான் விட்டதில்லை. புத்தகத்தில் கிழவி கோயிலில் நின்று, இனி வரும் பிறப்பில் இவரோடு வேண்டாம், இந்த ஒரு முறை போதும் என்று கும்பிடுகிறாள். பின்னால் நின்ற கிழவர் அதைக் கேட்டுவிடுகிறார்.

நான் வாயை மூடிவிட்டேன். விரதத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை என் வாயால் சொல்லுவதா? அம்மன் கேட்டுக்கொண்டு இருப்பாவே. அது ஒரு பயம். மற்றது, அந்தச் சொல்லை நானே ஒரு காலத்தில் நினைத்தவள். இவர் முதலில் கனடா வந்து, என்னைக் கூப்பிட ஏழு வருடம் எடுத்தார். ஊரில் யுத்தத்துக்குள் இரண்டு பிள்ளைகளோடு அகதி முகாமுக்கும் வீட்டுக்குமாக ஓடிய நாட்களில், விரத முடிவில் கௌரிக் காப்பு நூலைக் கையில் கட்டிக்கொண்டே மனதுக்குள் அப்படிச் சொன்னது உண்டு. வாசித்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தைப் புரட்டி அடுத்ததற்குப் போனேன்.

அங்கே கிழவர் குந்தியிருந்து அழுகிறார்.

“ஏன் அழுறார்?” என்று இவர் கேட்டார்.

“கால் நோவாம்.”

மறுநாள் வாசித்த பக்கத்தில், கிழவர் கிழவியோடு கதைக்காமல் தனியாகச் சோறு தின்கிறார். அதற்கும் கால் நோவுதான் என்றேன். அதற்கடுத்த நாள், மீன்கடைக் குழந்தையைத் தூக்கி வைத்து, தான் என்ன பிழை செய்தேன் என்று தமையனிடம் கேட்கிறார். நான் ஏதும் சொல்ல முன்னம் இவர் கையை நீட்டிப் புத்தகத்தை மூடினார்.

“இஞ்சரப்பா, கால் நோவுக்கு ஆரும் தமையனிட்டை முறையிடுவினமே? நீர் எதையோ விழுங்கிப்போட்டீர்.”

எனக்கு வேர்த்துவிட்டது. விரதம் முடியட்டும், சொல்லுறன் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மிச்ச நாட்கள் புத்தகம் மூடியபடி கிடந்தது. அவருடைய பேச்சும் குறைந்துபோனது. இவர் ஊகித்துவிட்டார் என்பது எனக்கு விளங்கியது.

விரதம் முடிந்து காப்புக் கட்டின மறுநாள் பின்னேரம், விட்ட பக்கத்தை எடுத்து வாசித்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. பயந்தபடியே, அந்த இடத்தில் குரல் உடைந்துபோனது.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீரும் அப்பிடிக் கேட்டனீரோ?”

“ஓம். நீங்கள் எங்களைக் கூப்பிடாமல் இருக்கேக்கை.”

“இப்ப என்ன கேக்கிறனீர்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு வருடம் குடும்பம் நடத்தியும் நாங்கள் இப்படிக் கதைத்துப் பழக்கமில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அடுத்த முறையும் வாங்கோ. ஆனா என்னை விட்டிட்டு முதல் போகாதேங்கோ. போறதெண்டா கூட்டிக்கொண்டு போங்கோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏழு வருசம், கூடிப்போச்சுத்தான்,” என்றார். அதை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

பிறகு, கிழவர் என்ன செய்கிறார் என்று பார்க்கச் சொன்னார். இருட்டும்வரை வாசித்தேன். கிழவர் கிழவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்.

“கோப்பை கழுவினது மட்டும் காணாது, வாயாலையும் சொல்லவேணும்,” என்றார் இவர்.