பாதிரியார் பங்களாத் தூணும் என் வயிற்றெரிச்சலும்

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். பூந்தமல்லிப் பக்கம் மாதா கோயிலை ஒட்டியிருந்த பாதிரியார் பங்களாவைப் பழுது பார்த்தார்கள். நான் அங்கே சித்தாள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். வேலை போய்விடுமோ என்று விடிந்தது முதல் பயந்துகொண்டே இருப்பேன்.

பங்களா வராந்தாவில் உயரம் உயரமாக உருண்டைத் தூண்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்தால் பளிங்கு மாதிரி மின்னும். தேய்த்த பிறகு தூண் வேர்க்கும். அந்த நீரை மெல்லிய துணியால் ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் கோடு கோடாகக் கறை விழும். சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான்.

ஒற்றுவது நிழல் வேலை. எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருத்திக்கு மேஸ்திரி அதைக் கொடுத்துவிட்டார். "அவ கை பூ மாரி கீது. உன் கை அம்மிக்கல்லு" என்றார். நான் வெளியே சுண்ணாம்பு அரைத்தேன். வெயில் முதுகைச் சுட்டதைவிட அவளைப் பார்த்து வயிறு எரிந்ததுதான் அதிகம்.

ஒரு மத்தியானம் அவள் வந்து துணியை என்னிடம் நீட்டினாள். "யக்கா, கொயந்த அயுவுது. பால் குட்த்துட்டு வந்துட்றேன். தூண கொஞ்சம் பாத்துக்கோ."

வாங்கிக்கொண்டு போய்த் தூணருகே உட்கார்ந்தேன். முத்து முத்தாக நீர் அரும்பியது. துணி மடியில்தான் கிடந்தது. நீர் வழியத் தொடங்கியதும் பயம் வந்து அவசரமாகத் துடைத்தேன். அதற்குள் கறை விழுந்துவிட்டது.

மேஸ்திரி வந்து கத்தினார். அவளும் ஓடி வந்தாள். என் பேரைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "நான்தான் மேஸ்திரி, கொயந்தையாண்ட போயிட்டேன். யக்கா இப்பதான் வந்து தொடச்சுது" என்றாள். அவளைச் சுண்ணாம்பு அரைக்க அனுப்பினார். ஒற்றுகிற வேலை எனக்கு வந்தது.

சாயங்காலம் சேர்ந்து நடக்கும்போது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ரெண்டு பேருக்கும் வேல பூடும். இன்னா லாபம்?" என்றவள், கொஞ்ச தூரம் போய், "நீ வேணும்னுதான் தொடைக்கலன்னு தெரியும்க்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை.

மறுநாளாவது மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை முடியும்வரை நிழலில்தான் நின்றேன். இன்றும் அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பார்த்து வயிறு எரிய ஆரம்பித்தால், குழந்தையை மரத்தடியில் கிடத்திவிட்டு அவள் வெயிலில் சுண்ணாம்பு அரைத்ததுதான் கண்முன் வந்து நிற்கிறது.